கணக்கைப் பென்சிலோடு படிப்பது எப்படி: நெல்லைச் சீமையில் இருந்து தொடங்க ஒரு வழி

பத்தாவதோடோ பன்னிரண்டாவதோடோ கணக்கை விட்டுவிட்டு, வேலை, கடை, குடும்பம் என்று வருசங்கள் போன பிறகு, "அதில் ஏதோ ருசி இருந்திருக்கிறது, நாம் பார்க்காமலே வந்துவிட்டோம்" என்று நினைக்கிற ஆட்கள் நம்ம பக்கத்தில் நிறைய உண்டு. பாளையங்கோட்டையில் மருந்துக்கடை வைத்திருக்கிற அண்ணாச்சியாக இருக்கலாம், அம்பாசமுத்திரத்தில் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுக்கிற அம்மாவாக இருக்கலாம். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பரீட்சை, வேலை, மார்க் எதற்கும் உதவாத, சும்மா ஆசைக்குப் படிக்கிற கணக்கு இது. அப்படி ஒரு எழுத்து வகை உலகம் முழுக்க நூறு வருசத்துக்கு மேலாக இருக்கிறது, நல்ல செழிப்பாகவும் இருக்கிறது.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதை நாவல் மாதிரி படிக்க முடியாது. ஒரு நாளைக்கு ஐம்பது பக்கம் ஓட்டினால் கையில் ஒன்றும் நிற்காது. கையில் பென்சில், பக்கத்தில் கோடு போடாத நோட்டு, ஒரு பக்கத்துக்கு ஒரு சாயங்காலம். சில பக்கத்துக்கு ஒரு வாரம் ஆகும். பையப் போனால் போதும். இந்த வேகத்துக்கு மனசு பழகிவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும், பழகாவிட்டால் எவ்வளவு நல்ல புத்தகம் வாங்கினாலும் அலமாரியில்தான் இருக்கும்.

தொடங்குவதற்குப் புத்தகம்கூட வேண்டாம். ஜங்ஷனில் இருந்து தென்காசி போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் முன்னால் போகிற வண்டியின் நம்பர் தெரியும். டி.என். 72, டி.என். 76 என்பதை எல்லாம் விட்டுவிட்டுக் கடைசி நாலு இலக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 7243 என்று வைத்துக்கொள்வோம். நாலு இலக்கத்தையும் பெரிதில் இருந்து சிறிதாக அடுக்கினால் 7432, சிறிதில் இருந்து பெரிதாக அடுக்கினால் 2347. பெரியதில் இருந்து சிறியதைக் கழித்தால் 5085. இப்போது இந்த 5085-ஐ அதே மாதிரி செய்யுங்கள்: 8550-இல் இருந்து 0558 போனால் 7992. அடுத்து 9972-இல் இருந்து 2799 போனால் 7173. அப்புறம் 6354, அப்புறம் 3087, அப்புறம் 8352, அப்புறம் 6174. இன்னும் ஒரு தடவை செய்து பார்த்தால் 7641-இல் இருந்து 1467 போக மறுபடி 6174 தான் வரும். அங்கேயே நின்றுவிடும்.

எந்த நம்பரில் தொடங்கினாலும், நாலு இலக்கமும் ஒன்றாக இல்லாத வரைக்கும், ஏழு படிக்குள் 6174-க்கு வந்து சேரும். இதை 1949-இல் கண்டுபிடித்தவர் கப்ரேக்கர். நாசிக் பக்கத்தில் தேவ்லாலி என்ற ஊரில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். பெரிய ஆராய்ச்சிப் பதவி எதுவும் இல்லாமல், எண்களோடு விளையாடுவதை வாழ்நாள் முழுக்கச் செய்தார். இந்தியாவில் பலர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாத காலத்தில், 1975-இல் அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் மார்ட்டின் கார்ட்னர் எழுதிய பிறகுதான் வெளியே பேர் பரவியது. கார்ட்னரைப் பற்றிக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

இந்த 6174 வாட்ஸ்அப்பிலும் சுற்றுகிறது. பார்த்துவிட்டு "அட" என்று சொல்லி அடுத்த ஆளுக்கு அனுப்புவதோடு நின்றுவிடுகிறோம். கணக்கு படிப்பது அந்த "அட"வுக்கு அப்புறம்தான் தொடங்குகிறது. ஏன் இப்படி நடக்கிறது? நோட்டில் எழுதுங்கள். இறங்குவரிசையில் நாலு இலக்கமும் அ, ஆ, இ, ஈ என்றால் பெரிய எண் 1000அ + 100ஆ + 10இ + ஈ. தலைகீழாகப் போட்டது 1000ஈ + 100இ + 10ஆ + அ. கழித்தால் மிஞ்சுவது 999 தடவை (அ − ஈ), கூட 90 தடவை (ஆ − இ). அவ்வளவுதான். அதாவது நாலு இலக்கமும் முக்கியமில்லை, இரண்டு வித்தியாசங்கள்தான் முக்கியம். 7243-க்கு முதல் வித்தியாசம் 5, இரண்டாவது 1. 4995 கூட 90, மொத்தம் 5085, சரியாக வந்துவிட்டது. முதல் வித்தியாசம் 1 முதல் 9 வரை இருக்கலாம், இரண்டாவது அதைவிடப் பெரிதாக இருக்க முடியாது. எண்ணிப் பார்த்தால் மொத்தமே 54 ஜோடிகள். பத்தாயிரம் எண்களைச் சோதிக்க வேண்டிய வேலை, 54 எண்களைச் சோதிக்கிற வேலையாகச் சுருங்கிவிட்டது. அதை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கையாலேயே முடித்துவிடலாம். முடித்த பிறகு 6174 உங்களுக்கு யாரோ சொன்ன செய்தியாக இருக்காது, நீங்களே நிரூபித்த ஒன்றாக இருக்கும். அந்த வித்தியாசத்தை ஒரு தடவை அனுபவித்தவர்கள் பிறகு இந்தப் பக்கம் வராமல் இருக்க மாட்டார்கள்.

எந்தப் பக்கத்தைப் படித்தாலும் இதே பாதைதான். முதலில் சின்ன உதாரணத்தைக் கையால் போட்டுப் பார்க்க வேண்டும், எழுதியவர் போட்டுக் காட்டிய உதாரணத்தை விட்டுவிட்டு உங்கள் சொந்த எண்ணில். பிறகு ஏன் என்று கேட்க வேண்டும். பிறகு ஒரு விதியை மாற்றிப் பார்க்க வேண்டும்: நாலு இலக்கத்துக்குப் பதிலாக மூன்று என்றால்? 495-இல் போய் நிற்கும். இரண்டு என்றால்? அங்கே ஓரிடத்தில் நிற்காமல் 9, 81, 63, 27, 45, மறுபடி 9 என்று வட்டமாகச் சுற்றும். ஐந்து இலக்கத்தில் என்ன ஆகும் என்பதை உங்களுக்கே விட்டுவிடுகிறேன். விடைப் பக்கத்தைத் திருப்பாமல் இருப்பதுதான் இதில் கஷ்டமான பகுதி. இரண்டு நாளாவது திருப்பாதீர்கள். தெரியாமல் இருப்பது ஒன்றும் தப்பில்லை, குளிக்கும்போதும் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் அது மனசில் ஓடிக்கொண்டே இருக்குமே, அதற்காகத்தான் இதைப் படிக்கிறோம். இரண்டு நாள் கழித்தும் வரவில்லை என்றால் விடையின் முதல் வரியை மட்டும் பாருங்கள், மீதியைக் கையால் மூடிக்கொள்ளுங்கள்.

சரி, நம்ம மண்ணுக்கு வருவோம். கணக்கு மேதை என்றால் எல்லோரும் ராமானுஜனைச் சொல்கிறோம், சொல்ல வேண்டியதுதான். ஆனால் குற்றாலத்துக்குப் பக்கத்தில் வல்லம் என்ற ஊரில் 1901-இல் பிறந்த எஸ். எஸ். பிள்ளை என்ற பெரிய கணித மேதையைப் பற்றி, அருவிக்குக் குளிக்கப் போகிற வழியில் அந்த ஊரைத் தாண்டிப் போகிற நம்மில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்? செங்கோட்டையில் பள்ளிப்படிப்பு, பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் வேலை. 1950-இல் அமெரிக்காவில் நடக்க இருந்த உலகக் கணித மாநாட்டுக்குப் போகும்போது கெய்ரோ பக்கத்தில் விமான விபத்தில் இறந்துபோனார். வயது 49. பள்ளிக்கூடப் பாடத்தில் அவர் பெயர் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

அவர் செய்த வேலைகளில் சாதாரண ஆட்களும் பென்சிலோடு உள்ளே போகக்கூடிய ஒன்று இருக்கிறது. அடுத்தடுத்த சில முழு எண்களை எடுத்துக்கொள்ளுங்கள், உதாரணத்துக்கு 14, 15, 16, 17. இதில் மற்ற எல்லாவற்றோடும் 1-ஐத் தவிர வேறு பொதுக் காரணி இல்லாத எண் ஒன்றாவது இருக்கிறதா? இங்கே 17 அப்படிப்பட்டது, 15-ம் அப்படித்தான். எப்போதும் இப்படி ஒரு தனி ஆள் இருப்பாரா?

மூன்று எண்கள் என்றால் சுலபம், நடுவில் இருக்கிறவர் இரண்டு பக்கத்தோடும் வித்தியாசம் 1 தான், பொதுக் காரணி வரவே முடியாது. நாலு எண்கள் என்றால் நடுவில் இருக்கிற இருவரில் ஒருவர் ஒற்றைப்படை. அவருக்கும் மற்ற யாருக்கும் வித்தியாசம் அதிகபட்சம் 2. இரண்டு எண்களுக்குப் பொதுக் காரணி இருந்தால் அது வித்தியாசத்தையும் வகுக்க வேண்டும், வித்தியாசம் 2 என்றால் காரணி 2 ஆகத்தான் இருக்க முடியும், ஒற்றைப்படையில் அது இல்லை. முடிந்தது. இந்த ஒரு யோசனையை வைத்துக்கொண்டு ஐந்துக்கும் ஆறுக்கும் நீங்களே போங்கள். பிள்ளை காட்டியது என்னவென்றால், 16 எண்கள் வரைக்கும் அப்படி ஒருவர் நிச்சயமாக இருப்பார். 17-இல் அது உடைகிறது. 2184 முதல் 2200 வரை உள்ள 17 எண்களை வரிசையாக நோட்டில் எழுதிக் காரணி பிரித்துப் பாருங்கள். 2191-ஐப் பார்த்தால் தனி ஆள் மாதிரி இருக்கும், 7-ஆல் வகுபடும், 2184-ம் 7-ஆல் வகுபடும். 2197 என்பது 13-இன் கனம், அதுவும் 2184-இல் போய் மாட்டிக்கொள்ளும். 2189-இல் 11 ஒளிந்திருக்கிறது, வரிசையின் கடைசியில் இருக்கிற 2200 அதைப் பிடித்துவிடும். ஒருவர்கூடத் தப்ப முடியாது. இதை ஒரு தடவை முழுசாகப் போட்டுப் பார்க்காமல் இந்தக் கட்டுரையில் மேலே போகாதீர்கள் என்று கட்டாயப்படுத்தவே ஆசை.

பிள்ளையின் இன்னொரு கேள்வி இன்னும் யாராலும் தீர்க்கப்படவில்லை. வர்க்கம், கனம், நாலாம் படி என்று எல்லா முழுப் படி எண்களையும் வரிசையாக எழுதினால் 1, 4, 8, 9, 16, 25, 27, 32, 36 என்று போகும். 8-க்கும் 9-க்கும் வித்தியாசம் 1, 25-க்கும் 27-க்கும் வித்தியாசம் 2. 1 வித்தியாசத்தில் வேறு ஜோடியே கிடையாது என்பது 2002-இல்தான் மிகைலெஸ்கு என்பவரால் நிரூபணமானது. எந்த வித்தியாசத்தை எடுத்தாலும் அது கணக்கான தடவைதான் வரும், முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்காது என்பது வல்லத்துக்காரரின் ஊகம். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும்படி சொல்லக்கூடிய கேள்வி, உலகத்தில் யாருக்கும் விடை தெரியாது.

இப்போது புத்தகங்கள். வாங்க அவசரப்பட வேண்டாம். பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்தில் கணித அலமாரிக்கு முன்னால் ஒரு மணி நேரம் நின்று, பாடப்புத்தகம், போட்டித்தேர்வுக் கையேடு இவற்றை எல்லாம் ஒதுக்கிவிட்டு மிஞ்சுவதைப் பாருங்கள். நெல்லையில் நடக்கிற புத்தகத் திருவிழாவிலும் அதே மாதிரி தேடலாம். அங்கே நியூ செஞ்சுரி கடையைக் கண்டால் நின்று பாருங்கள். ஒரு காலத்தில் மாஸ்கோவில் அச்சான சோவியத் அறிவியல் புத்தகங்களைத் தமிழ்நாட்டுக்குக் குறைந்த விலையில் கொண்டுவந்தவர்கள் அவர்கள்தான். யாக்கோவ் பெரெல்மான் என்ற ரஷ்யர் எழுதிய கணிதப் புத்தகங்களும் அப்படித்தான் பலர் கைக்கு வந்தன. பெரெல்மான் எழுத்தில் எனக்குப் பிடித்தது, அவர் வாசகரைப் படிக்காத ஆள் என்று நினைப்பதே இல்லை. தீப்பெட்டி, மரத்தின் நிழல் என்று கையில் கிடைக்கிற பொருளில் தொடங்கிக் கடைசியில் அல்ஜீப்ராவில் கொண்டுபோய் நிறுத்துவார். 1942-இல் லெனின்கிராட் முற்றுகையில் பட்டினியில் இறந்தார்.

அடுத்தது மார்ட்டின் கார்ட்னர். இவர் கல்லூரியில் கணிதம் படித்தவர் இல்லை, தத்துவம் படித்தவர். 1956 டிசம்பரில் ஒரு காகித விளையாட்டைப் பற்றிக் கட்டுரை எழுதப்போய், அதற்கு வந்த வரவேற்பில் அடுத்த மாதத்தில் இருந்து 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' பத்திரிகையில் கணித விளையாட்டுப் பகுதியைத் தொடங்கி, கால் நூற்றாண்டு எழுதினார். அந்த முதல் காகித விளையாட்டை நீங்களும் செய்யலாம். கடையில் பில் போடுகிற காகித ரோலில் இருந்து ஒரு துண்டு போதும். அதைப் பத்து சமபக்க முக்கோணங்களாக மடித்து, மூன்று இடத்தில் மடக்கி அறுகோணமாக்கிக் கடைசி முக்கோணத்தை ஒட்டினால், மடக்கி விரிக்கிற ஒவ்வொரு தடவையும் புதிய முகம் காட்டும், மொத்தம் மூன்று முகம். இதைக் கண்டுபிடித்தது 1939-இல் அமெரிக்கா போய்ப் படித்த ஆர்தர் ஸ்டோன் என்ற ஆங்கிலேய மாணவர். அந்த ஊர்த் தாள் இங்கிலாந்து ஃபைலுக்கு அகலமாக இருந்ததால் ஓரத்தை வெட்டினார், வெட்டின துண்டை மடக்கி விளையாடும்போது வந்தது. கார்ட்னரின் கட்டுரைகள் தொகுப்புகளாகக் கிடைக்கின்றன. எந்தத் தொகுப்பை எடுத்தாலும் நடுவில் இருந்து படிக்கலாம், ஒரு அத்தியாயத்துக்கும் அடுத்ததுக்கும் சம்பந்தமே இருக்காது.

காசு செலவில்லாமல் வேண்டுமென்றால் ஹென்றி டூட்னி. 1857-இல் பிறந்த ஆங்கிலேயர். காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் அவருடைய புத்தகங்கள் ப்ராஜெக்ட் குட்டன்பர்க் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, 1917-இல் வந்த ஒரு தொகுப்பில் மட்டும் 430 புதிர்கள். அவருடைய சிலந்திப் புதிர் ஒன்றைச் சொல்கிறேன். 30 அடி நீளம், 12 அடி அகலம், 12 அடி உயரம் உள்ள அறை. சின்னச் சுவர் ஒன்றின் நடுவில், கூரையில் இருந்து ஒரு அடி கீழே சிலந்தி. எதிர்ச் சுவரின் நடுவில், தரையில் இருந்து ஒரு அடி மேலே ஈ. சிலந்தி சுவரிலும் கூரையிலும் தரையிலும் மட்டும் ஊர்ந்துபோக வேண்டும். நேராக ஏறிக் கூரை வழியாகப் போய் இறங்கினால் 1 + 30 + 11, 42 அடி. அதைவிடக் குறைவான வழி இருக்கிறது. செருப்பு வாங்கின அட்டைப்பெட்டியை எடுத்து, ஓரங்களை வெட்டி, விதவிதமாக விரித்துப் போட்டு ஸ்கேலால் கோடு இழுத்துப் பாருங்கள். விடையை நான் சொல்லப்போவதில்லை.

இங்கிலீஷ் தடங்கலாக இருக்குமே என்று தமிழ் மீடியத்தில் படித்தவர்கள் தயங்குவார்கள். கணக்குப் புத்தகத்து இங்கிலீஷ் கதைப் புத்தகத்தைவிட எளிது. திரும்பத் திரும்ப வருவது கொஞ்சம் சொற்கள்தான், அதோடு எண்ணும் படமும் பாதிக்கு மேல் விளக்கிவிடும். பிரைம், ஃபேக்டர், ஸ்கொயர் இதெல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். பழக்கமில்லாத சொல்லை நோட்டின் கடைசிப் பக்கத்தில் தமிழ்ப் பாடப்புத்தகச் சொல்லோடு எழுதிவையுங்கள். பிள்ளைகளுக்கு என்றால் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' இதழ் தமிழிலேயே இருக்கிறது. கொக்கிரகுளத்தில் இருக்கிற மாவட்ட அறிவியல் மையத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போவதும் நல்லது.

படிப்பதால் என்ன கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு மார்ஜரி ரைஸ் கதையைச் சொல்வேன். அமெரிக்காவில் சான் டியேகோவில் இருந்த இல்லத்தரசி, பள்ளிக்கூடத்தோடு கணக்கை முடித்தவர். மகனுக்கு வந்துகொண்டிருந்த பத்திரிகையில் 1975-இல் கார்ட்னர் எழுதிய ஒரு கட்டுரையைப் படித்தார்: எந்தெந்த மாதிரி ஐங்கோணங்களால் இடைவெளி இல்லாமல் தரை பாவலாம் என்பது. அவரே ஒரு குறியீட்டு முறையை உருவாக்கிக்கொண்டு வரைந்து வரைந்து, கணித நிபுணர்கள் தவறவிட்ட நாலு புதிய வகைகளைக் கண்டுபிடித்தார். பட்டமில்லை, ஆய்வுக்கூடமில்லை, படித்தது ஒரு கட்டுரை.

இதைச் சொல்லும்போது எனக்கு மார்கழி மாதத்துத் தெருக்கள்தான் ஞாபகம் வரும். சிக்குக் கோலம் போடுகிற ஒவ்வொரு வீட்டிலும் இந்த மாதிரி ஒரு கணக்கு நடக்கிறது. தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் இருந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, அவர்களோடு கமலா கிருத்திவாசன், மூன்று பேரும் சேர்ந்து 1974-இலேயே கோலத்தைக் கணினி மொழிகளின் இலக்கணத்தோடு இணைத்து ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். நீங்கள் செய்து பார்க்க ஒன்று. நேர்ப்புள்ளி வையுங்கள், 5 வரிசை, வரிசைக்கு 3 புள்ளி. புள்ளிகளைச் சுற்றிச் சாய்வாக இழையை ஓட்டுங்கள், நடுவில் எங்கும் திரும்பக் கூடாது, இழைகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிக்கொண்டு போகட்டும், ஓரத்துக்கு வந்தால் மட்டும் வளைந்து திரும்ப வேண்டும். ஒரே இழையில் முழுக் கோலமும் முடிந்து தொடங்கின இடத்துக்கு வரும். 4-க்கு 6 வைத்துப் பாருங்கள், ஒரு இழை பாதியில் மூடிக்கொள்ளும், இரண்டாவது இழை போட்டால்தான் முடியும். 3-க்கு 6 என்றால் மூன்று இழை. 4-க்கு 4 என்றால் நாலு.

கவனித்தீர்களா? 5-க்கும் 3-க்கும் மீப்பெரு பொதுக் காரணி 1. 6-க்கும் 4-க்கும் 2. இழைகளின் எண்ணிக்கை எப்போதும் அதுதான். ஐந்தாம் வகுப்பில் மீ.பொ.வ. (மீப்பெரு பொது வகுத்தி, இதேதான்) என்று வேண்டாவெறுப்பாகப் படித்தது வாசலில் கோலமாவில் கிடக்கிறது. இன்னும் ஒரு படி போகலாம். இரண்டு வேறு வேறு இழைகள் குறுக்கே வெட்டிக்கொள்கிற ஒரு இடத்தில், வெட்டாமல் இரண்டையும் திருப்பிவிட்டால் அந்த இரண்டு இழையும் ஒன்றாகச் சேர்ந்துவிடும். ஒரே இழையில் முடிக்க வேண்டும் என்று பெரியவர்கள் நடுநடுவே வளைக்கிறார்களே, அது இந்த வேலைதான். 4-க்கு 4 கோலத்தை ஒரே இழையாக்கக் குறைந்தது எத்தனை இடத்தில் திருப்ப வேண்டும்? உங்கள் வீட்டில் நன்றாகக் கோலம் போடுகிற அத்தையிடமோ ஆச்சியிடமோ கேட்டுவிட்டு, அவர்கள் கை எப்படிப் போகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். புத்தகத்தில் கிடைக்காத பாடம் அது.

வாட்ஸ்அப்பில் வருகிற "பழந்தமிழர் கணிதம்" செய்திகளையும் படிக்கும் முறை ஒன்று உண்டு. போதாயனார் பாட்டு என்று ஒன்று வரும், உங்களுக்கும் வந்திருக்கும். செங்கோண முக்கோணத்தில் நீளமான பக்கத்தை எட்டாகப் பிரித்து ஒரு பங்கைத் தள்ளிவிட்டு, மிச்சத்தோடு சின்னப் பக்கத்தில் பாதியைச் சேர்த்தால் கர்ணம் வந்துவிடும், வர்க்கமூலமே வேண்டாம் என்பது செய்தி. பாட்டு யாருடையது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 3, 4 எடுத்தால் 3.5 கூட 1.5, விடை 5, சரி. 5, 12 எடுத்தால் 10.5 கூட 2.5, விடை 13, அதுவும் சரி. இங்கேயே நிறுத்திவிட்டுப் பெருமையோடு அனுப்பிவிடுகிறோம். 8, 15 எடுங்கள்: 17.125 வரும், சரியான விடை 17. பக்கங்கள் 20-ம் 1-ம் என்றால் 18 என்று வரும், கர்ணம் நீளமான பக்கத்தைவிடச் சின்னதாக இருக்க முடியுமா?

அப்படியென்றால் பொய் என்று தூக்கிப் போடவும் வேண்டாம், உண்மை என்று கும்பிடவும் வேண்டாம். எங்கே சரி, எங்கே தப்பு என்று கேளுங்கள். சின்னப் பக்கத்தைப் பெரிய பக்கத்தால் வகுத்து வருவதை த என்று வைத்து, இந்த விதியைப் பிதாகரஸ் விதியோடு சமன் செய்தால், 48த² − 56த + 15 = 0 என்று ஒரு இருபடிச் சமன்பாடு கிடைக்கும். காரணிப்படுத்தினால் (4த − 3)(12த − 5) = 0. அதாவது 3/4, 5/12, இந்த இரண்டே இரண்டு விகிதத்தில்தான் விதி துல்லியம், மற்ற எந்த முக்கோணத்திலும் தோராயம். செய்தியில் உதாரணமாக வருகிற முக்கோணங்களும் அதே இரண்டுதான்! பத்தாம் வகுப்புக் கணக்கு போதும் இதைக் கண்டுபிடிக்க. கொத்தனார் வேலைக்கு இந்தத் தோராயம் போதுமா, எந்த அளவு முக்கோணம் வரை போதும் என்று ஒரு அட்டவணை போடுங்கள், நல்ல பொழுதுபோக்கு.

இதே கண்ணோடு கணக்கதிகாரத்தையும் படிக்கலாம். காரிநாயனார் எழுதியதாக வழங்கும் பழைய கணித நூல் அது, செய்யுளிலேயே கணக்கு. அதில் ஒன்று, பலாப்பழத்தை அறுக்காமலே சுளையை எண்ணும் வழி: காம்பைச் சுற்றி இருக்கிற சிறு முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். முள் 60 என்றால் சுளை 72. குற்றாலச் சீசனில் பலாப்பழம் கிடைக்கிற ஊரில் இருந்துகொண்டு இதைச் சோதிக்காமல் விடலாமா? காம்பைச் சுற்றி எந்த வரிசை வரை எண்ணுவது என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டு எல்லாப் பழத்துக்கும் அதையே பின்பற்றுங்கள். முள், கணக்குப்படி சுளை, அறுத்து எண்ணின சுளை என்று மூன்று பத்தி. ஒரு பழத்தில் முடிவுக்கு வராதீர்கள்.

நம் பழைய பின்னங்களும் நல்ல விளையாட்டுச் சாமான். அரை, கால், அரைக்கால், மாகாணி என்று பாதி பாதியாக இறங்கும், இன்னொரு பக்கம் மா என்றால் 1/20, காணி 1/80, முந்திரி 1/320. இவற்றைக் கூட்டி 3/16 வருமா, 1/3 வருமா? 320-ஐக் காரணி பிரித்தால் விடை தெரிந்துவிடும்.

எதைத் தவிர்க்கலாம் என்று கேட்டால், வேகக் கணக்குப் புத்தகங்களை. இரண்டு இலக்கப் பெருக்கலைக் கண்ணிமைக்கும் நேரத்தில் செய்வது தேர்வுக்கு உதவும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நாம் தேடுவது அதில் கிடைக்காது. வேகத்தை நினைத்துப் பயந்துதான் பலர் கணக்கை விட்டே ஓடினார்கள். சவத்தைத் தள்ளுங்கள், இங்கே யாரும் கடிகாரம் பார்க்கவில்லை.

கூட ஒரு ஆள் இருந்தால் இரண்டு மடங்கு ருசி. வாரம் ஒரு புதிர் என்று வைத்துக்கொண்டு, சாயங்காலம் தார்சாவில் உட்கார்ந்து பேசலாம், இல்லை செங்கோட்டை பாசஞ்சரில் தினமும் ஒன்றாகப் போகிறவர்கள் பேசலாம். ஒரே நிபந்தனை, விடை தெரிந்தவர் உடைக்கக் கூடாது. எதிராளி மாட்டிக்கொண்டால் "சின்ன எண்ணில் போட்டுப் பார்த்தாயா" என்று மட்டும் கேட்கலாம். பிள்ளைகள் கூட இருந்தால் அவர்கள் தப்பாகச் சொல்கிற விடையையும் நோட்டில் எழுதி, எந்த இடத்தில் உடைகிறது என்று சேர்ந்து தேடுங்கள்.

நோட்டு கொஞ்சம் நிரம்பின பிறகு உங்களுக்கே சில எண் வரிசைகள் கிடைக்கத் தொடங்கும். கோலத்தில் எண்ணினது, பல்லாங்குழியில் புளியங்கொட்டையை எண்ணினது என்று எதுவாகவும் இருக்கலாம். அப்போது நீல் ஸ்லோன் என்பவர் 1964-இல் சேர்க்கத் தொடங்கிய எண் வரிசைக் களஞ்சியத்தில் தேடுங்கள். இணையத்தில் ஓ.இ.ஐ.எஸ். என்று போட்டாலே வரும். உங்கள் வரிசையின் முதல் ஐந்தாறு எண்களைக் காற்புள்ளி போட்டு அடித்தால், வேறு யாராவது எந்தக் கணக்கில் அதே வரிசையைச் சந்தித்தார்கள் என்று காட்டும். முதல் ஒன்றிரண்டு எண்களை விட்டுவிட்டும் தேடிப் பாருங்கள், தொடக்கம் மட்டும் மாறியிருக்கலாம். எதுவுமே வரவில்லை என்றால் எண்ணினதை இன்னொரு தடவை சரிபாருங்கள், கூட ஒரு ஆளைத் தனியாக எண்ணச் சொல்லுங்கள். இரண்டு பேருக்கும் ஒரே விடை வந்தால் அந்த வரிசையை நீங்களே அங்கே அனுப்பலாம், பட்டம் எதுவும் கேட்க மாட்டார்கள்.